டி செல் எப்போது வளரும், எப்போது சாகும்? கேள்வி பதில்

காய்ச்சலின்போது பெருகும் டி செல்கள் (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை ரத்த வெள்ளணுக்கள்) குணமானதும் எங்கே போகின்றன, மேடம்?

பெரும்பாலும் செத்துப்போகின்றன. நூற்றில் 90, 95 செல்கள் சில வாரங்களில் காணாமல் போகும். மிச்சம் நினைவு செல்களாகத் தங்கும். சாகும் செல்களை யாரும் கொல்ல வேண்டியதில்லை. டி செல்லுக்கு 'உயிரோடு இரு' என்று வெளியிலிருந்து யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இன்டர்லூக்கின்-2, 7, 15 போன்ற புரதங்கள் அதைத்தான் சொல்கின்றன. கிருமி ஒழிந்ததும் இன்டர்லூக்கின்-2 வரத்து வற்றும். அப்போது செல்லுக்குள் பிம் என்ற புரதத்தின் கை ஓங்கி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை விழும். காஸ்பேஸ் நொதிகள் விழித்து செல்லை உள்ளிருந்தே வெட்டும்.

அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். ஆய்வகத்தில் டி செல் வளர்த்த நாட்களில் ஒரு முறை இன்டர்லூக்கின்-2 சேர்க்க மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், உருண்டையாகப் பளபளத்த செல்கள் சுருங்கி, மேற்பரப்பெல்லாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தன. உடம்பில் என்றால் அந்தத் துண்டுகளை விழுங்கு செல்கள் அங்கேயே தின்றுவிடும். உள்ளே இருப்பது வெளியே கொட்டாததால் அழற்சியும் வராது. இந்தச் சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று 1972-இல் பெயர் வைத்தார்கள்.

இன்டர்லூக்கின்-2 வளர்ச்சிப் புரதம்தானே? அதை நீக்கிய எலிக்கு எதிர்ப்பு சக்திதான் குறைய வேண்டும். தன் உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் வருகிறதாமே, எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1976-இல் இதைக் கண்டபோது 'டி செல் வளர்ச்சிக் காரணி' என்றுதான் அழைத்தார்கள். பிறகு அந்த மரபணுவை நீக்கிய எலிகளைப் பார்த்தால், டி செல்கள் குறையவில்லை, குவிந்து கிடந்தன; குடலிலும் கடும் அழற்சி. காரணம் இரண்டு. ஒன்று, மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் நெறிப்படுத்தும் டி செல்கள் இன்டர்லூக்கின்-2 இல்லாமல் பிழைக்காது. அதைத் தாமே தயாரிக்கவும் அவற்றால் முடியாது, அக்கம்பக்கத்துச் செல்கள் சுரப்பதை உறிஞ்சித்தான் வாழ்கின்றன. இவற்றை அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சி 2025 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரண்டாவது, திரும்பத் திரும்பத் தூண்டப்பட்ட டி செல்லை ஃபாஸ் என்ற, செல்லின் மேலிருக்கும் புரதத்தின் வழிச் சாவுக்குத் தயார்படுத்துவதும் இதே புரதம்தான். வளர்த்த கையே முடிவுக்கும் வழி செய்கிறது.

உறவினர் குழந்தைக்கு மண்ணீரலும் நிணநீர்க்கணுக்களும் வீங்கியிருக்கின்றன. ஃபாஸ் மரபணுவில் கோளாறு என்கிறார்கள். இது புற்றுநோயா, அக்கா?

இல்லைங்க. ஃபாஸ் என்பது செல்லின் மேலிருக்கும் ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம். அதன் இணைப்புரதம் வந்து ஒட்டினால் காஸ்பேஸ்-8 விழித்து செல் சாகும். அந்த ஏற்பி பழுதானால், போக வேண்டிய செல்கள் போகாமல் தேங்கும். வீக்கம் அதனால்தான். சில குழந்தைகளில் அந்தச் செல்கள் சொந்த ரத்த அணுக்களையே தாக்கும். பிற்காலத்தில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால் தொடர் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள். சிரோலிமஸ் போன்ற மருந்துகள் பலருக்குக் கைகொடுக்கின்றன. இந்தக் குழந்தைக்கு எது சரி என்பதை நோயெதிர்ப்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் செல்லைக் கொல்லுமா, காக்குமா?

இரண்டும். வழக்கமாக அது என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை எழுப்பி செல்லைக் காக்கும். அந்த வழி அடைபட்டால் காஸ்பேஸ்-8 சாவு. அதுவும் அடைபட்டால் செல் வெடித்துச் சாகும், அப்புறம் சுற்றிலும் அழற்சிதான்.

பிசிஎல்-2 புற்றுநோய் மரபணு என்று படித்தேன். அது செல்லைப் பெருக்குகிறதா?

இல்லை, சாகவிடாமல் பிடித்து வைக்கிறது. 1988-இல் இது தெரிந்தபோதுதான், சாக மறுப்பதும் புற்றுநோய்க்கு வழி என்று புரிந்தது. அந்தப் பிடியைத் தளர்த்தும் வெனிடோகிளாக்ஸ், 2016 முதல் நாட்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. பிடி விட்டதும், எப்போதோ போயிருக்க வேண்டிய அந்தச் செல்கள் சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். ஒரே சமயத்தில் அத்தனை செல்களும் உடைந்தால் சிறுநீரகம் தாங்காது. அதனால்தான் மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, வாரா வாரம் கூட்டுகிறார்கள்.