இசை விமர்சனம் எழுத விரும்புவோருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வங்கியில் பணிபுரிகிறேன்; பத்தாண்டுகள் வீணை பயின்றிருக்கிறேன். எந்தப் பத்திரிகையிலும் வேலைக்குச் சேராமல், கச்சேரி விமர்சனமும் ஆல்பம் விமர்சனமும் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது? இதையே தொழிலாகக் கொள்ள முடியுமா?
- வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: தொழிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கி வேலையை விட்டுவிடாதீர்கள். கட்டுரைக்கு இவ்வளவு என்றுதான் சன்மானம். அதுவும் அச்சேறிச் சில மாதங்கள் கழித்தே கைக்கு வரும். சென்னைக்கு வந்து தங்கும் செலவு பெரும்பாலும் உங்களுடையதே.

தொடங்குவதற்கு மார்கழி சீசனின் பகல் கச்சேரிகளே சிறந்த இடம். மாலையில் பாடும் பெரிய வித்வான்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நண்பகலில், பாதிக்கு மேல் காலியான நாற்காலிகளுக்கு முன்னால் பாடும் இளைஞரைப் பற்றி எழுத ஆளில்லை. பல சபாக்களில் அந்தக் கச்சேரிகளுக்கு நுழைவுச்சீட்டும் தேவையில்லை. கேட்ட அன்றிரவே முந்நூறு சொற்களில் எழுதி, அவற்றில் நல்லவை இரண்டை ஆசிரியருக்கு அனுப்புங்கள்.

‘பாவபூர்வமாகப் பாடினார்’ என்ற வரி எந்தக் கச்சேரிக்கும் பொருந்துமாதலால் அதை எழுதாதீர்கள். அன்று அங்கே மட்டும் நடந்ததை எழுதுங்கள். ஒரு பகல் கச்சேரியில், ஆலாபனையின் நடுவே மூச்செடுக்கும் இடைவெளியில் பாடகி தம்புரா மீட்டிய மாணவியைத் திரும்பிப் பார்க்க, அந்தப் பெண் பஞ்சமத் தந்தியில் கோத்த மணியை ஒரு நெல்லளவு நகர்த்திச் சுருதியைச் சரிசெய்தார். அதன்பின் மேல் ஷட்ஜத்தில் நின்ற குரல் அரங்கையே நிறைத்தது. அந்தப் பாடகியின் சுருதி சுத்தத்தைப் பற்றி நான் எழுதியதெல்லாம் அந்த ஒரு நொடிதான். மிருதங்கம் தனித்து வாசிக்கப்படும் தனியாவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து செல்வோரோடு விமர்சகரும் எழுந்துவிடலாகாது. மிருதங்க வித்வானும் அன்றைய கச்சேரிக்காகவே உழைத்திருக்கிறார்.

ஆல்பம் வேறு வகை. அதில் பிழைபட்ட இடத்தை மறுபடி பாடி ஒட்டியிருக்கலாம். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நாதம் ஒலிக்கலவையில் அமுங்கியிருக்கலாம். ஆகவே ஹெட்போனில் ஒருமுறை, ஸ்பீக்கரில் ஒருமுறை, சில நாள் இடைவெளிவிட்டு மீண்டும் ஒருமுறை என்று கேட்டபிறகே எழுத உட்காருங்கள்.

கேள்வி: பிடிக்காத கச்சேரியைப் பற்றி எவ்வளவு கடுமையாக எழுதலாம்? பாடியவர் தெரிந்தவராக இருந்தால்?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய கல்கியும், அவருக்குப் பின் வந்த சுப்புடுவும் தாட்சண்யம் பார்க்காதவர்கள். அவர்களுடைய காரத்தை மட்டும் கற்றுக்கொண்டு எழுதுவோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் காரத்துக்குப் பின்னால் ஆயுள் முழுவதும் கேட்ட கேள்வி ஞானம் இருந்தது. காலப்பிரமாணம், அதாவது பாட்டின் சீரான வேகம், ஓடியதென்றால் எந்தக் கிருதியில், எந்த இடத்தில் என்று காட்டுங்கள். காட்ட முடிந்த குற்றத்தை மட்டும் எழுதுங்கள். பாடகரின் உடையும் உருவமும் நமக்கு வேண்டாதவை. உடன் பயின்றவரோ உறவினரோ பாடினால் முன்வரிசையில் அமர்ந்து மகிழ்ந்து கேளுங்கள். விமர்சனத்தை வேறொருவர் எழுதட்டும்.

என் தொடக்க நாட்களில், நாயகி ராகத்தை தர்பார் என்று எழுதி, அது அப்படியே அச்சாகிவிட்டது. இரண்டும் நெருங்கிய ராகங்கள்தாம். ஆயினும் காந்தார ஸ்வரத்தை இரட்டித்து இறங்கும், தர்பாருக்கே அடையாளமான பிடி அன்று ஒருமுறைகூட வரவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். அந்த வித்வானின் வீட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டேன். அடுத்த இதழில் திருத்தமும் வெளியிடச் செய்தேன். அன்றுமுதல் ராகத்தில் சிறு ஐயம் எழுந்தாலும், கச்சேரி முடிந்ததும் மேடையருகே போய்ப் பாடியவரிடமே கேட்டுவிடுகிறேன். இதுவரை யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.