டிரம்ப் கார்டுக்கு அப்புறம்

இந்த வாரம் ரெஸ்லிங் பற்றித்தான் அதிகக் கேள்விகள். தொண்ணூறுகளில் டிரம்ப் கார்டு விளையாடிய பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து, நம் பத்திரிகைக்கு வாசகர்களாகிவிட்டார்கள் போலிருக்கிறது. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

ராக், ஜான் சீனா, பட்டிஸ்டா மூவரும் ரிங்கிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள். இவர்களில் யார் நல்ல நடிகர்? மழுப்பாமல் சொல்லவும்.
*திருநெல்வேலி வாசகர்*

பட்டிஸ்டா. மழுப்பவில்லை, போதுமா?

ராக் பெரிய நட்சத்திரம், மறுக்கவில்லை. 2002-ல் வந்த 'தி ஸ்கார்பியன் கிங்'குக்கு அவர் வாங்கிய சம்பளம் 55 லட்சம் டாலர். கதாநாயகனாக அதுதான் முதல் படம்! ஆனால் காட்டுக்குள் போனாலும் சரி, பூகம்பத்தில் மாட்டினாலும் சரி, பல படங்களில் அவர் ராக்காகவே வந்துபோனார். அதே புருவம், அதே சிரிப்பு. 2025-ல் 'தி ஸ்மாஷிங் மெஷின்' படத்தில்தான் முகத்தையே மாற்றிக்கொண்டு, தோற்று உடைந்துபோகும் சண்டை வீரனாக நடித்தார். பட்டிஸ்டா அந்த வேலையை அதற்குப் பல வருஷம் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

பட்டிஸ்டாவின் கதையே வேறு. கிளப் வாசலில் பவுன்சராக நின்றவர். முப்பதை ஒட்டிய வயதில்தான் ரெஸ்லிங்குக்கு வந்தார். முதலில் போன பயிற்சிக்கூடத்தில் 'நீ தேறமாட்டாய்' என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவர் 2005-ல், ரெஸில்மேனியா என்ற வருடாந்தரப் பெரிய ரெஸ்லிங் திருவிழாவில் டிரிபிள் ஹெச்சை வீழ்த்தி உலக சாம்பியன் பெல்ட்டை வாங்கினார். 2010-ல், நல்ல மவுசு இருக்கும்போதே வெளியேறினார். அப்புறம் சில வருஷம் சரியான வேலை இல்லை, கையிருப்பும் கரைந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2014-ல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி'யில் டிராக்ஸ் வேடம் கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது. உடம்பெல்லாம் சாயம் பூசிய அந்த முரடனுக்கு கிண்டல் என்றால் என்னவென்றே தெரியாது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வான். தியேட்டரே சிரித்தது.

நேரம் கிடைத்தால் 'பிளேட் ரன்னர் 2049'இன் முதல் பத்து நிமிடத்தைப் பாருங்கள். தனிவீட்டில் அடுப்பில் ஒரு பானை கொதிக்கிறது. வேலை முடிந்து உள்ளே வருகிறார் பட்டிஸ்டா. அந்த அகலமான முகத்தில் சின்னஞ்சிறு வட்டக் கண்ணாடி. இருட்டில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், தன்னை முடிக்க வந்தவன் என்று இவருக்குப் புரிகிறது. கத்தவில்லை, மார்பைத் தட்டவில்லை. களைத்துப்போன குரலில் பேசுகிறார். சண்டை அதற்கப்புறம்தான், அதிலும் தோற்கிறார். அவர் படத்தில் இருப்பதே அவ்வளவு நேரம்தான். சாம்பியனாக இருந்த மனுஷன் இவ்வளவு சின்ன வேடத்துக்கு ஒப்புக்கொண்டதுதான் எனக்குப் பிடித்தது.

ஜான் சீனா? சண்டைப் படத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் தடுமாறினார். பிறகு தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்ளத் துணிந்தார். அதில்தான் பிழைத்தார். 'பீஸ்மேக்கர்' தொடரின் டைட்டிலில் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஆடுவாரே, அந்த நடனத்துக்கு நான் அடிமை.

ரெஸ்லிங்கே நடிப்புதானே சார்? அப்படியிருக்க இவர்களுக்கு சினிமா என்ன கஷ்டம்?
*ஈரோடு வாசகர்*

முடிவு முன்கூட்டியே பேசி வைத்தது என்பது உண்மை. விழுவது உண்மையான விழுதல். பலகையின் மேல் மெல்லிய மெத்தை விரித்ததுதான் ரிங். அதில் வருஷம் முழுக்க முதுகு அடிபட விழுந்து பாருங்கள்.

நடிப்பு என்றாலும் அங்கே கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் வலி தெரிய வேண்டும். முகம், கை, குரல் எல்லாம் பத்து மடங்கு பெரிதாக வேண்டும். சினிமா கேமரா மூக்குக்கு நேரே நிற்கும். அங்கே அதையே செய்தால் கோமாளித்தனம். பட்டிஸ்டா தனியாக நடிப்புப் பயிற்சிக்குப் போனது இதை மறக்கத்தான்.

ஆனால் ரிங் கற்றுத் தரும் ஒரு வித்தை எங்கேயும் செல்லும்: மைக். 2002-ல் சீனாவை வேலையை விட்டு அனுப்பும் யோசனையில் இருந்தார்கள். வெளிநாட்டுப் பயணத்தில், பஸ்ஸின் பின்சீட்டில் சகாக்களோடு அவர் ராப் பாடிக்கொண்டு வந்ததை முதலாளியின் மகள் கேட்டார். அதையே டிவியில் செய்யச் சொன்னார்கள். வாய்தான் அவர் வேலையைக் காப்பாற்றியது, புஜம் அல்ல.

கோடிகளில் சம்பாதித்தவர்கள் ஏன் ஐம்பது வயதிலும் வேறு வேலை தேடி ஓடுகிறார்கள்?
*திருச்சி வாசகர்*

கோடி பார்த்தவர்கள் மேலே இருக்கும் சிலர்தான். இவர்களை வைத்து ரெஸ்லிங் நடத்தும் அமெரிக்கக் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.ஈ. தன் வீரர்களை ஊழியர்கள் என்று கணக்கு வைப்பதில்லை, ஒப்பந்தக்காரர்கள் என்றுதான் வைக்கிறது. ரிங்கில் அடிபட்டால் அறுவைச் சிகிச்சைக்குக் கம்பெனி கொடுக்கும். ஆனால் மருத்துவக் காப்பீட்டை வீரரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் ஊராகப் போகும்போது வாடகைக் காரும் விடுதியும் நெடுங்காலம் பெரும்பாலும் அவர் பாக்கெட்டிலிருந்துதான் போனது. முழங்கால் போனால் பிழைப்பும் போச்சு.

1986-ல் ஜெஸ்ஸி வென்சுரா என்பவர் சங்கம் வைக்கலாம் என்று சகாக்களிடம் பேசிப் பார்த்தார். விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. போட்டுக்கொடுத்தது அன்றைய நட்சத்திர வீரர் ஹல்க் ஹோகன் என்பது வருஷங்கள் கழித்து ஒரு வழக்கு விசாரணையில்தான் வெளிவந்தது. அதற்குள் வென்சுரா 'பிரிடேட்டர்' படத்தில் அர்னால்டோடு நடித்து முடித்திருந்தார். அப்புறம் 1999-ல் மின்னசோட்டா மாநில ஆளுநர் ஆனார். அமெரிக்காவில் ஆளுநர் என்றால் தேர்தலில் நின்று ஜெயித்து வரும் பதவி, நம் ஊர் முதல்வர் மாதிரி. அர்னால்டும் பின்னால் கலிபோர்னியாவுக்கு ஆளுநர் ஆனார். ஒரே படத்தில் இரண்டு முதல்வர்கள்! தமிழ்நாட்டுக்காரர்கள் நமக்கு இது பெரிய ஆச்சரியம் இல்லைதான்.

முகமூடி கேன் மேயர் ஆகிவிட்டார் என்கிறார்களே, வாட்ஸ்அப் வதந்தியா?
*நாகர்கோவில் வாசகி*

நிஜம்தான். கேன் என்ற பெயரில் ரிங்கில் முகமூடியோடு வந்த அந்த வீரரின் நிஜப்பெயர் கிளென் ஜேக்கப்ஸ். டென்னஸி மாநிலம் நாக்ஸ் கவுன்டியின் மேயராக 2018-ல் தேர்வானார், 2022-ல் மறுபடியும் ஜெயித்தார். சின்ன வயதில் அந்தச் சிவப்பு முகமூடிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்தவர்கள் இப்போது அவர் சொத்துவரியைப் பற்றிப் பேசுவதை யூடியூபில் பார்க்கலாம்.

நம் நாட்டில் இப்படி யாரும் இல்லையா?
*சேலம் வாசகர்*

இவர்கள் எல்லோருக்கும் முன்னோடியே நம்மவர்தான். மல்யுத்த வீரர் தாரா சிங் 1968-ல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்றார். அதற்கு முன்பே, அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து இந்திப் படங்களில் கதாநாயகன். தூர்தர்ஷன் 'ராமாயண்'இல் அனுமாராக வந்தபோது வயது ஐம்பத்தெட்டுக்கு மேல். 2003-ல் மாநிலங்களவைக்கும் போனார். இந்தி புரியாத நம் வீடுகளிலும் ஞாயிறு காலையில் அவர் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் பாட்டிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ராக்குக்கு அது நடக்குமா, சொல்லுங்கள்.