வேரோடு வேர் தொட்டால்: எச்.ஐ.வி. பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் நலப் பகுதியில், "எச்.ஐ.வி. கிருமி இரத்தத்தில் மிதந்து மட்டும் பரவுவதில்லை, ஓர் உயிரணு இன்னோர் உயிரணுவுக்கு நேராகவே கைமாற்றிவிடும்" என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்தும் எழுதியவர்களில் சிலருக்கு இங்கே பதில் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டதால் எவர் பெயரையும் போடவில்லை.

கேள்வி: கிருமி என்றால் மிதந்து போய் எங்காவது ஒட்டிக்கொள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். அணு எப்படி இன்னோர் அணுவுக்குக் கொடுக்கும்? அதற்கென்ன கையா இருக்கிறது?
*ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டக் கண்காணி), சுங்கை சிப்புட்*

ஐயா, ரப்பர் மரத்தில் வெள்ளை வேர் நோயைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் விட்டுப்போன பழைய அடிக்கட்டையில் பூஞ்சணம் காத்திருக்கும். பக்கத்து மரத்தின் வேர் அதைத் தொட்டதும் வெள்ளை நூலாக அதில் ஏறிவிடும். அதனால்தான் மரங்கள் காடு முழுக்கச் சிதறிச் சாகாமல் ஓரிடத்தில் கும்பலாகச் சாகின்றன. நடுவே பள்ளம் வெட்டித் தடுப்பதும் அதனால்தான். அதே பூஞ்சணம் காற்றில் வித்தாகவும் பறக்கும். எச்.ஐ.வி.க்கும் இந்த இரண்டு வழியும் உண்டு.

இந்தக் கிருமி தேடுவது, சிடி4 என்ற புரதத்தை மேற்பரப்பில் வைத்திருக்கும் 'டி' உயிரணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு உயிரணுக்களை. ஜிபி120 என்ற தன் புரதத்தால் அந்த சிடி4-ஐப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. தொற்றிய உயிரணுவின் மேற்பரப்பிலும் அதே ஜிபி120 முளைத்துவிடும். அப்போது கிருமி வெளியே வர வேண்டியதுகூட இல்லை, தொற்றிய உயிரணுவே நல்ல உயிரணுவை எட்டிப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட கை இதுதான்.

பிடித்த பிடி நழுவாமலிருக்க எல்எஃப்ஏ-1, ஐகேம்-1 என்ற இரண்டு ஒட்டுப் புரதங்கள் இடையில் பசை போடுகின்றன. இவை கிருமி கொண்டுவந்தவை அல்ல. நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் ஒன்றோடொன்று தகவல் பேச எப்போதும் பயன்படுத்துபவை. நம் வீட்டுக் கதவை நம் சாவியாலேயே திறக்கிறது என்று வையுங்கள். அடுத்து, தொற்றிய உயிரணுவின் உள்சட்டகம் அந்த ஒட்டிய பக்கமாகத் திரும்புகிறது. கிருமிக்கு உடல் கட்டும் 'காக்' என்ற புரதம் அங்கே வந்து குவிகிறது. புதிய கிருமிகள் நாலா பக்கமும் சிதறாமல் அந்த ஒரே இடுக்கில் மொட்டுவிட, எதிரிலிருக்கும் உயிரணு அவற்றை மொத்தமாக வாங்கிக்கொள்கிறது. நரம்பு முனைகள் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். அதை ஒட்டி இதற்கு 'வைரஸ் சினாப்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். எச்.ஐ.வி.யில் இது 2004-இல் விவரிக்கப்பட்டது. 2009-இல் காக் புரதத்தைப் பச்சையாக ஒளிரவைத்துப் படம் எடுத்தபோது, சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பச்சைத் திட்டு ஒட்டிய இடத்துக்கு நகர்வதும் பிறகு எதிர் உயிரணுவுக்குள் போவதும் கண்ணுக்கே தெரிந்தது.

மிதந்து போகும் கிருமிக்குக் கஷ்டங்கள் அதிகம். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. டி உயிரணு அதைப்போல் எழுபது மடங்கு பெரிது. திரவத்தில் அலைந்து அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பாதிக் கிருமிகள் சில மணி நேரத்திலேயே அழிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உயிரணுக்கள் இருக்கும் பாத்திரத்தை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும், அவை ஒன்றோடொன்று ஒட்ட முடியாது. 2007-இல் அப்படி ஆட்டிப் பார்த்தபோது பரவல் வெகுவாகக் குறைந்தது. ஆய்வுக்கூட வளர்ப்பில் தொற்றுகளில் பாதிக்கு மேல் இந்த நேர்வழியில்தான் நடக்கிறது என்று 2015-இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

உடம்பில் இது எங்கே நடக்கிறது? காலில் புண் வந்தால் கவட்டில் நெறி கட்டுமே, அந்த நிணநீர்க் கணுக்களில், குடல் சுவரில், தொண்டைச் சதையில். நிணநீர் உயிரணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டுதான் எந்நேரமும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மீதி எல்லாம் இந்த இடங்களில், வேரோடு வேர் பின்னிய பழைய மரங்களைப்போல நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

கேள்வி: அப்படியானால் என் அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டால், கை கொடுத்தால் எனக்கும் அணு வழியாக வந்துவிடுமா?
*வாசகி, லயத்து வீடு*

வராது. மேலே சொன்னதெல்லாம் ஒருவர் உடம்புக்குள் நடப்பது. தோலின் மேலடுக்கு செத்த உயிரணுக்களால் ஆனது, பிடிக்க அங்கே சிடி4 கிடையாது. எச்சில், வியர்வை, கொசு, கழிவறை எதனாலும் தொற்றாது. இரத்தம், விந்து, பெண்ணுறுப்பு நீர், ஆசனவாய் நீர், தாய்ப்பால் ஆகியவைதாம் வழி. விந்திலும் தாய்ப்பாலிலும் தனிக்கிருமியோடு தொற்றிய உயிரணுக்களும் இருக்கும். ஆணுறை கிருமியையே தடுக்கும்போது, அதைவிட எழுபது மடங்கு பெரிய உயிரணு எங்கே தப்பப்போகிறது? அண்ணனோடு ஒன்றாக உட்கார்ந்து பசியாறுங்கள்.

கேள்வி: தம்பிக்கு இரத்தத்தில் கிருமி 'கண்டறிய முடியாத அளவு' என்று வந்துவிட்டது. கிருமி இரத்தத்தில் இல்லாமல் நெறியில் ஒளிந்திருந்தால் மருந்து வேலை செய்கிறதா இல்லையா? ஒரு நாள் மாத்திரை தவறினால் என்ன? அவனுக்கு இனிப்பு நீரும் (நீரிழிவு) உண்டு.
*அக்காள், சுங்கை சிப்புட்*

முக்கியமான கேள்வி, அம்மா. நேர்வழியில் போகும்போது ஒரு கிருமிக்குப் பதில் பல கிருமிகள் ஒரே உயிரணுவுக்குள் இறங்குகின்றன. ஒரு மருந்து பத்துக் கிருமியில் ஒன்பதைத் தடுக்கிறது என்று வையுங்கள். ஒரே ஒரு கிருமி வந்தால் அது தப்ப நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. இருபது சேர்ந்து வந்தால் ஒன்றாவது தப்ப நூற்றுக்கு 88. இது கணக்குக்காகச் சொன்ன எண்தான். ஆனால் ஆய்வாளர்கள் அலெக்ஸ் சிகல், டேவிட் பால்டிமோர் குழுவினர் 2011-இல் ஆய்வுக்கூடத்தில் இதே போக்கைக் காட்டினார்கள்: தனிக்கிருமியை நன்றாக அடக்கிய சில மருந்துகள் நேர்வழிப் பரவலில் பலம் குறைந்தன.

அதைப் படித்துப் பயப்படத் தேவையில்லை. மருந்து ஆயிரத்தில் 999-ஐத் தடுத்தால், அதே இருபது கிருமி வந்தாலும் தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான். மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதன் பலம் அங்கே இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் கிருமி எண்ணிக்கையை 200-க்குக் கீழே தொடர்ந்து வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றுவதில்லை. தம்பியின் அறிக்கையை நம்பலாம்.

ஆனால் மருந்தை நிறுத்தக் கூடாது. கிருமி தன் மரபுச் செய்தியை உயிரணுவின் மரபணுவுக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். தூங்குவதை மருந்து தொடாது. நிறுத்தினால் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்குள் இரத்தத்தில் மறுபடி தலைகாட்டும்.

மாத்திரையில் டொலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருந்தால் இவற்றைக் கவனியுங்கள். மறந்த வேளையை நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். காஸ்ட்ரிக்குக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து இதை வயிற்றிலேயே கட்டிப்போட்டுவிடும், ஆகவே அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதே இடைவெளி. இந்த இரும்பு, கால்சியத்தை மட்டும் சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதன் அளவு இரத்தத்தில் ஏறும். பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டவிட மாட்டார்கள். இனிப்பு நீருக்கு ஒரு கிளினிக், இதற்கு ஈப்போ நகரத்து மருத்துவமனை என்று போகிறவர்களுக்கு இங்கேதான் தவறுகிறது. ஒரு டாக்டர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டு பக்கத்து மருந்துப் பையையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கேள்வி: தொற்றிய உயிரணு மட்டும்தானே சாக வேண்டும்? தொற்றாத சிடி4 உயிரணுக்களும் ஏன் சாகின்றன?
*படிவம் ஆறு மாணவி*

நல்ல கேள்வி. உண்மையில் சாவதில் பெரும்பான்மை, கிருமி பெருகாத உயிரணுக்கள்தான். நிணநீர்த் திசுவில் சாகும் சிடி4 உயிரணுக்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் அப்படிப்பட்டவை என்று ஓர் ஆய்வுக் குழு 2014-இல் வெளியிட்டது. ஓய்விலிருக்கும் உயிரணுவுக்குள் கிருமி நுழைகிறது. தன் ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ.-வாக எழுதத் தொடங்கிப் பாதியில் சிக்கிவிடுகிறது. அந்த அரைகுறை டி.என்.ஏ.-வை ஐஎஃப்ஐ16 என்ற காவல் புரதம் மோப்பம் பிடிக்க, காஸ்பேஸ்-1 என்ற நொதி முடுக்கப்பட்டு, உயிரணு வீங்கி வெடிக்கிறது. இதற்குப் பைரோப்டோசிஸ் என்று பெயர். வெடிப்பில் கொட்டும் அழற்சிச் சமிக்ஞை இன்னும் பல சிடி4 உயிரணுக்களை அதே இடத்துக்கு அழைத்துவருகிறது, அவையும் மாட்டிக்கொள்கின்றன. தனிக்கிருமியை எவ்வளவு ஊற்றினாலும் இந்தச் சாவு நடப்பதில்லை, உயிரணு உயிரணுவைத் தொட வேண்டும் என்று அடுத்த ஆண்டே அதே ஆய்வுக் குழு காட்டியது.

கேள்வி: போன சனிக்கிழமை ஆணுறை கிழிந்துவிட்டது. எப்போது இரத்தம் சோதிப்பது?
*பெயர், ஊர் வேண்டாம்*

72 மணி நேரத்துக்குள் என்றால் சோதனை நாளை எண்ணிக்கொண்டிராமல் அவசரப் பிரிவுக்குப் போய்த் தடுப்பு மருந்து கேட்க வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன், ஏனென்றால் கிருமி நெறிக்குப் போய்ச் சேர்ந்து கைமாறத் தொடங்கிவிட்டால் பிறகு தடுக்க முடியாது. உங்கள் கடிதம் எங்கள் கைக்கு வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிட்டது. எனவே நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனையை, சம்பவத்திலிருந்து 45 நாள் கழித்துச் செய்யுங்கள். விரலில் குத்திப் பார்க்கும் சோதனை என்றால் 90 நாள் ஆக வேண்டும். அதுவரை ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள், இரத்த தானம் செய்ய வேண்டாம். நடுவில் காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டினால் 45 நாள் காத்திருக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.