வயிற்றுவலி நடிப்பு இல்லை: மனநல ஆலோசகரிடம் கேட்டவை

கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் தம்பதிகள், பள்ளி கல்லூரிப் பிள்ளைகள், பெரியவர்கள் என எல்லோருக்கும் ஆலோசனை தருகிறேன். பேச்சோடு மூச்சு, தூக்கம், உடம்பில் தங்கும் இறுக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து ஒரு சகோதரி: சண்டை என்று வந்தால் என் கணவர் வாயே திறக்க மாட்டார். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நான் ஒரு பொருட்டே இல்லையா?

உங்கள் கோபம் நியாயமானது அம்மா. ஆனால் அவர் பேசாததை அலட்சியம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இப்படிப்பட்ட தம்பதிகள் என் முன்னால் உட்காரும்போது நான் கணவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பேன். முகம் கல்லாக இருக்கும். கட்டைவிரல் வாட்ச் பட்டையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், தாடை இறுகியிருக்கும். நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு நூறைத் தாண்டி ஓடும். தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் சொல்வதும் இதைத்தான்: இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார்.

அதனால் முதலில் உடம்பு அடங்கட்டும், பேச்சு அப்புறம். ஆனால் எழுந்து போகிறவர் சும்மா போகக் கூடாது. "எட்டரைக்கு வந்து பேசுகிறேன்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், எட்டரைக்கு வந்து உட்காரவும் வேண்டும். இந்தப் பாதியைப் பல கணவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். காத்திருப்பவருக்கு அந்த 20 நிமிடம் கைவிடப்பட்டது போலவே இருக்கும். அவருடைய நெஞ்சும்தானே அடித்துக்கொள்கிறது. நடுவில் இருவருமே அடுத்து என்ன பதிலடி கொடுக்கலாம் என்று ஒத்திகை பார்க்காதீர்கள். மொட்டைமாடியில் நடங்கள், துணி மடியுங்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு இந்த யோசனை எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பு. பெண்களுக்கான 181 எண்ணை அழையுங்கள்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற ஒருவர்: மூச்சுப்பயிற்சிதானே? அதற்கு ஆலோசகர் எதற்கு?

நீங்கள் பிராணாயாமம் செய்து பழகியவர் என்றால் தொடருங்கள் சார், நல்லது. ஆனால் பழைய அதிர்ச்சியைச் சுமக்கும் சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தாலே பதற்றம் ஏறும். அவர்களைக் கண்ணைத் திறந்து வைத்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வேன். யாருக்கு எது, எப்போது நிறுத்துவது என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும். மூச்சோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை, பேச வேண்டியதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

அண்ணா நகரிலிருந்து ஒரு அம்மா: மகன் பிளஸ் டூ. நீட் கோச்சிங்குக்குக் கிளம்பும்போது மட்டும் வயிறு வலிக்கிறது என்கிறான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நடிக்கிறானா?

இல்லை. வலி நிஜம். பயம் வந்தால் உடம்பு ரத்தத்தைக் கை கால் தசைகளுக்குத் திருப்பும், குடலின் அசைவு மாறும். மூளையும் குடலும் நரம்பால் இணைந்தவை. "உனக்கு ஒண்ணுமில்ல" என்று நீங்கள் சொல்லும்போது "நீ பொய் சொல்ற" என்றுதான் அவன் காதில் விழும்.

தூக்கத்தையும் பாருங்கள். அந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். தேவைப்படுவதோ 8 முதல் 10 மணி நேரம். விடியற்காலை டெஸ்ட், ராத்திரி பதினோரு மணி வரை படிப்பு என்றால் எந்தப் பிள்ளையின் உடம்பும் தாங்காது. இந்த வாரம் ஒரு நாளாவது மார்க் பற்றிப் பேசாமல் அவனோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் நடந்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் நடக்கும்போது பிள்ளைகள் பேசுவார்கள், எதிரில் உட்கார வைத்தால் மாட்டார்கள்.

பெரம்பூர், வயது 16: நான் சொல்வதை எல்லாம் அம்மாவிடம் சொல்லிவிடுவீர்களா?

சொல்ல மாட்டேன் தம்பி. உனக்குப் 18 ஆகாததால் ஆலோசனைக்கு வீட்டுச் சம்மதம் வேண்டும், அவ்வளவுதான். நீ பேசியதை ஒப்பிக்க மாட்டேன். உன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் பெரியவர்களிடம் சொல்வேன். யாராவது பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்திருந்தால் 2012 போக்சோ சட்டப்படி நான் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். அப்போதும் உன்னிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.

ஓ.எம்.ஆர்., ஐ.டி. ஊழியர்: நைட் ஷிஃப்ட். திடீரென்று நெஞ்சு இறுக்கம், கை நடுக்கம். மனசுதான் காரணமா?

முதலில் டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்புதான். எல்லாம் சரி என்றால், மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள், ஐந்து நிமிடம். மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பை மெதுவாக்கும், அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். அதிகாலை மூன்று மணி காபியையும் விடுங்கள்.

தாம்பரம்: பயிற்சிகளைத் தொடங்கினால் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா? கட்டணமும் கட்டுப்படியாகவில்லை.

நீங்களாக நிறுத்தவே கூடாது. எழுதிக்கொடுத்த மனநல மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். என்னைப் போன்ற ஆலோசகருக்கு அந்த உரிமை கிடையாது; மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆலோசகரிடம் போகாதீர்கள். கட்டணத்துக்கு வழி இருக்கிறது: கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிப் பிரிவு உண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. ராத்திரி நேரத்தில் மனம் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.