பப்புவா நியூ கினி மலைகளில் ஹெலிகாப்டர் ஓட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: சார், அங்கே ஹெலிகாப்டர் பைலட்டுக்கு அவ்வளவு வேலை இருக்கிறதா?

இருக்கிறது. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்குச் சாலையே கிடையாது. லே துறைமுகத்திலிருந்து மலைநாட்டு நகரமான மவுண்ட் ஹேகன் வரை ஒரு நெடுஞ்சாலை உண்டு. அதை விட்டுத் தள்ளியிருக்கும் பல ஊர்களுக்கு நடந்து போக வேண்டும், இல்லையென்றால் பறக்க வேண்டும். மலை உச்சி செல்போன் கோபுரத்துக்கு டீசல், எரிவாயுக் கிணற்றுக்குச் சாமான், பிரசவ வலியில் இருக்கும் பெண் என்று எல்லாம் எங்களிடம் வரும். 2018 பிப்ரவரியில் ஹெலா பகுதியில் 7.5 அளவில் நிலநடுக்கம் வந்து, மண்சரிவு சாலைகளை மூடியபோது, உள்ளடங்கிய ஊர்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோனதில் ஹெலிகாப்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: வெயில் நாட்டில் ஓட்டுவதில் என்ன வித்தியாசம்?

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. மேலே சுழலும் ரோட்டர் இறக்கைக்குப் பிடிப்பு குறையும், இன்ஜினுக்கும் மூச்சு முட்டும். மவுண்ட் ஹேகன் விமான நிலையம் சுமார் 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு எங்கள் கணக்குப்படி இருக்க வேண்டிய வெப்பநிலை 4 டிகிரி. மதியம் 25 டிகிரி அடித்தால், கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த 5,400 அடியோடு ஏறக்குறைய 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். தரையில் நிற்கும்போதே வண்டி 7,900 அடியில் இருக்கிறது என்று வைத்துத்தான் எடையைக் கணக்குப் போடுவோம்.

அதனால் ஆட்களைத் தராசில் ஏற்றிவிட்டுத்தான் உள்ளே ஏற்றுவோம். நெற்றியில் மாட்டிய பிலும் என்ற பின்னல் பையையும் சேர்த்து. பை நிறையச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கும், கனம் சாதாரணமில்லை. அப்புறம் வண்டியைச் சில அடி மட்டும் தூக்கி நிறுத்தி, இன்ஜின் எவ்வளவு விசை கொடுக்கிறது என்று காட்டும் டார்க் முள்ளையும் இன்ஜின் வெப்ப முள்ளையும் பார்ப்பேன். தரைக்கு அருகில் காற்று கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். போய் இறங்கப்போவதோ மலை விளிம்பில் மரக்கட்டை அடுக்கிய மேடை, அங்கே அந்தத் தாங்கல் பெரிதாக இருக்காது. முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் ஒரு ஆளையோ மூட்டையையோ இறக்கித்தான் ஆக வேண்டும். கெஞ்சுவார்கள். கஷ்டமாக இருக்கும். இருந்தாலும் இறக்கிவிடுவேன்.

கேள்வி: மழை, மேகம்?

மழையை விட மேகம்தான் ஆபத்து. விடியலில் பள்ளத்தாக்கில் மூடுபனி, அது கலைந்தால் சில மணி நேரம் தெளிவு, மதியத்துக்குள் கணவாய்கள் அடைத்துக்கொள்ளும். மலை முகட்டை நேராக நோக்கிப் போகாமல் சாய்வாக அணுகினால், அந்தப் பக்கம் அடைத்திருந்தாலும் திரும்ப இடம் இருக்கும்.

கேள்வி: இறங்கியதும் ஊர்க்காரர்கள் ஓடி வருவார்களாமே?

வருவார்கள், குறிப்பாகக் குழந்தைகள். சரிவில் மேட்டுப் பக்கத்திலிருந்து வரவே கூடாது. ரோட்டர் தலைக்கு மிக அருகில் சுற்றும். வால் பக்கமும் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஒரு பெரியவரிடம் சொல்லி வைப்பது நல்லது.

கேள்வி: அண்ணா, நான் லைசென்ஸ் எடுத்ததும் அங்கே வரலாமா?

வணிக லைசென்ஸுக்குச் சர்வதேசக் குறைந்தபட்சம் 150 மணி நேரம். அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தில் 100. அதை மட்டும் வைத்துக்கொண்டு மலையில் வேலை கேட்க வேண்டாம். டர்பைன் இன்ஜின் ஹெலிகாப்டர் ஓட்டிய அனுபவமும், நீளக் கயிற்றில் சுமை தொங்கவிட்டு ஓட்டிய பழக்கமும் முதலில் வேண்டும். பலர் வட ஆஸ்திரேலியாவில் சின்ன ஹெலிகாப்டரில் மாட்டு மந்தை ஓட்டி மணிநேரம் சேர்க்கிறார்கள். நீங்களும் அங்கிருந்து தொடங்கலாம்.