மணி பிளாண்ட் இலையில் வேர் வந்து 2 மாதமாகியும் துளிர் வரவில்லையே, ஏன்?

நீங்கள் வைத்தது இலையும் காம்பும் மட்டும்தான், அதில் கணு இல்லை. புதுக்கொடி கிளம்பும் மொட்டு கணுவில்தான் இருக்கிறது. காம்பு வேர் விடும், இலை மாதக்கணக்கில் பச்சையாகவும் நிற்கும், ஆனால் கொடி வராது. இனியும் காத்திருக்காதீர்கள்.

கொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போல ஒரு கோடு ஓடும், அதுதான் கணு. பக்கத்திலேயே பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன முண்டு. அந்த முண்டுதான் வேராக நீளும். அதற்கு ஓர் அங்குலம் கீழே, துடைத்த கத்தரியால் வெட்டுங்கள். 2 கணு, 2 இலை போதும். கீழ்க்கணுவின் இலையைக் கிள்ளிவிட்டு அந்தக் கணு மட்டும் தண்ணீரில் முங்கும்படி வையுங்கள். இலை முங்கினால் அழுகும், தண்ணீர் நாறும், பிறகு தண்டும் கொழகொழவென்று ஆகிவிடும். 3 நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஜன்னலோர வெளிச்சம் நல்லது. உச்சி வெயில் ஆகாது.

வேர் 2 அங்குலம் ஆனதும் செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் மணலும் சம அளவு கலந்து நடுங்கள். தண்ணீரிலேயே வளர்ந்த வேர் வறட்சி தாங்காது. முதல் 2 வாரம் மண் ஈரமாகவே இருக்கட்டும், ஆனால் சொதசொதவென்று வேண்டாம்.

ஸ்நேக் பிளாண்ட் சங்கதி வேறு. அதன் இலைத்துண்டே குட்டி போடும், தலைகீழாக நடாமல் இருந்தால். மஞ்சள் ஓரமுள்ள வகையில் மட்டும் குட்டி வெறும் பச்சையாக வரும். மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுங்கள்.