எங்கள் ஊருக்குப் பஸ் கேட்டு மனு கொடுப்பதால் உண்மையில் ஏதாவது மாறுமா? காலநிலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மாறும். எங்கள் ஊரில் மாறியது. அதற்கு ஏழு மாதம் பிடித்தது.

தென் மாவட்டம் ஒன்றில், நகரத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊராட்சி எங்களுடையது. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை வேலைக்குத் தினமும் நகரத்துக்குப் போகும் பெண்கள் இங்கே அதிகம். கொரோனாவுக்கு முன்பு இரவு 9.20-க்குக் கடைசி டவுன் பஸ் இருந்தது. ஊரடங்கு முடிந்து பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது கடைசி நடை 8.20 ஆகிவிட்டது. கடை அடைப்பதோ ஒன்பது மணிக்கு. அதற்குப் பிறகு ஷேர் ஆட்டோ நிறையும்வரை காத்திருந்து, நெருக்கியடித்து உட்கார்ந்து வரவேண்டும். ஆளுக்கு முப்பது ரூபாய். என் தங்கை இரண்டு ஆண்டு அப்படித்தான் வந்தாள். பிறகு தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள்.

காலநிலைக்கும் பஸ்ஸுக்கும் உள்ள தொடர்பை நான் புரிந்துகொண்டது அந்த ஸ்கூட்டரில்தான். பஸ்ஸை நிறுத்தினால் யாரும் வேலைக்குப் போவதை நிறுத்துவதில்லை. கடன்பட்டாவது வண்டி வாங்குகிறார்கள். வாங்கிய வண்டி பத்து ஆண்டுக்கு மேல் பெட்ரோலில் ஓடும், பூமியைச் சூடாக்கும் புகையை விட்டுக்கொண்டே இருக்கும். தவணை கட்டிக்கொண்டிருப்பவர், பஸ் திரும்பி வந்தாலும் எளிதில் பஸ்ஸுக்குத் திரும்புவதில்லை. அதனால் ஒரு நடை வெட்டப்பட்டதும் உடனே கேட்கவேண்டும். நாங்கள் இரண்டு ஆண்டு சும்மா இருந்துவிட்டோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

முதல் மனுவை எல்லோரையும் போலத்தான் எழுதினோம். ‘எங்கள் ஊருக்குக் கூடுதல் பஸ் வசதி செய்து தர வேண்டும்.’ நூற்றுக்கும் மேற்பட்ட கையெழுத்துகளுடன், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். போதிய வசூல் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அந்தப் பதிலை எங்கள் ஊரில் இருக்கும் ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவரிடம் காட்டினேன். “வசூல் என்றால் பையில் விழும் காசு, தம்பி. பஸ்ஸில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்” என்றார். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தத் தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடுசெய்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பாஸ். எங்கள் தடத்தில் ஏறுவோரில் பெரும்பாலோர் இவர்கள்தான். பஸ் நிறைந்திருந்தாலும் பை நிறையாது. ஆகவே வசூலைச் சொல்லி ஒரு நடையை மறுத்தால், இலவச டிக்கெட் எத்தனை கிழிக்கப்பட்டது என்று திருப்பிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தட எண்ணையும் மாதத்தையும் குறிப்பிட்டுக் கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். எத்தனை நடை ஓட வேண்டியிருந்தது, எத்தனை ஓடியது என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில், நானும் இரண்டு கல்லூரி மாணவிகளும் இரண்டு வாரம் பேருந்து நிலையத்தில் நோட்டுடன் நின்றோம். 8.20-க்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், ஒன்பது மணிக்கு மேல் எங்கள் ஊருக்கு எத்தனை பேர் ஷேர் ஆட்டோ பிடிக்கிறார்கள் என்று எண்ணினோம். ஆட்டோக் கூட்டம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கோரிக்கையே மாறியது. எங்களுக்குக் கூடுதல் பஸ் தேவையில்லை, இருக்கும் பஸ் நேரம் தள்ளி வந்தால் போதும்.

இதில் எதிர்ப்பும் வந்தது. 8.20-ஐ நம்பியிருந்த டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. மூன்று மாலை அவர்களோடு உட்கார்ந்து பேசினோம். டியூஷன் எடுப்பவர் அரை மணி முன்னதாக முடிக்க ஒப்புக்கொண்டார், பிள்ளைகள் 7.40-இல் வந்துவிடலாம் என்றானது. அடுத்தது ஊழியர்கள். அந்த பஸ் இரவு எங்கள் ஊரிலேயே தங்கி, காலை 5.10-க்குப் புறப்படும். நேரம் தள்ளினால் டிரைவர், கண்டக்டரின் தூக்கம் குறையும். இதை எங்களுக்குச் சொன்னவரும் அந்த ஓய்வு பெற்ற கண்டக்டர்தான். 9.20 வேண்டாம், 9.10 போதும் என்று முடிவு செய்தோம். அவர்கள் தங்குவதற்கு ஊராட்சிக் கட்டடத்தில் மின்விசிறியும் குளியலறையும் உள்ள அறை ஒன்றைத் தலைவர் ஒதுக்கித் தந்தார். இந்த இரண்டு பேச்சையும் முடிக்காமல் நீங்கள் அதிகாரியிடம் போகாதீர்கள்.

அக்டோபர் 2 கிராமசபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றினோம். ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. ஏதாவது ஒன்றைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தீர்மான நகல், எங்கள் கணக்கு, தகவல் மனுவுக்கு வந்த பதில் மூன்றையும் சேர்த்துப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கொடுத்தபோது அவர் நின்று படித்தார். சோதனை முறையில் மாற்றித் தந்தார்.

ஒற்றை ஊரின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தள பஸ் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பாடுபடுவோர் உயர் நீதிமன்றம்வரை போனார்கள். சாலை சரியில்லை, மழைநீர் தேங்கும் என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதில் அவர்கள் அசையவே இல்லை. 2024 ஆகஸ்டில் அந்த பஸ்கள் ஓடத் தொடங்கின. இன்று அதில் சிரமமில்லாமல் ஏறும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் அவர்களால்தான் ஏறுகிறார்கள்.

எங்கள் 9.10 இப்போது நின்றுகொண்டு வரும் அளவுக்குக் கூட்டத்தோடு வருகிறது. என் தங்கை மழை நாட்களில் மட்டும் அதில் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்த நடை கிடையாது. ஜவுளிக்கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும் நாளே அதுதான். வருகிற ஞாயிறு முதல் மறுபடி நோட்டோடு பேருந்து நிலையத்தில் நிற்கப் போகிறோம்.